மொராவியாவில் ஒரு நாள்: விமானப்படை வீரர்களின் நினைவுக்கற்களைத் தேடிப் போன வாடகை வண்டிப் பயணம்

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்வதற்கு முன்னால் நானும் அதைத்தான் தேடினேன், எங்கும் கிடைக்கவில்லை. ஒரு நாள் முழுக்க 6400 கொருனா. தலைக்கு இவ்வளவு என்று கிடையாது, வண்டிக்குத்தான் அந்தத் தொகை. மூன்று பேர் வரை ஏறிக்கொள்ளலாம். காலை எட்டரை மணிக்கு ஒலொமௌட்ஸ் ரயில் நிலைய வாசலில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் அதே வாசலில் இறக்கிவிடுகிறார்கள். சாப்பாடு நம் செலவு. இரண்டாம் உலகப்போரில் நாட்டை விட்டுத் தப்பிப்போய் பிரிட்டிஷ் விமானப்படையில் சண்டை போட்ட செக் வீரர்களுக்கு அவரவர் சொந்த ஊரில் வைத்திருக்கும் நினைவுக்கற்களையும் பலகைகளையும் பார்க்கக் கூட்டிப்போகும் பயணம் இது. ஒரே ஒரு வழிகாட்டி, ஒரே ஒரு பழைய ஸ்கோடா கார், அவ்வளவுதான் அமைப்பு. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை.

நான் ப்ர்னோவில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் சின்னச் சின்ன ஸ்டேஷன் பெயர்களை ரயில் ஜன்னல் வழியாகப் படித்திருக்கிறேனே தவிர, இறங்கிப் பார்த்ததில்லை. இறங்க வைத்தவர் என் மாமனார். இந்திய விமானப்படையில் தரைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தின் உடற்பகுதி, சக்கரம், பிரேக் இதெல்லாம் அவர் பொறுப்பாக இருந்தது. அக்டோபரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, "இங்க பக்கத்துல பழைய விமானம் ஏதாவது வெச்சிருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

வைத்திருக்கிறார்கள். ப்ராக் நகரின் ஓரத்தில் க்பெலி என்ற இடத்தில் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவு இலவசம், மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே டிஇ 565 என்ற எண் கொண்ட ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் நிற்கிறது. செக்கோஸ்லோவாக்கியர்களின் 310-வது படைப்பிரிவில் இருந்து, போர் முடிந்ததும் 1945-ல் அவர்களோடு ஊர் திரும்பிய விமானம். எல்லோரும் இறக்கையையும் மூக்கையும் படம் எடுத்துக்கொண்டிருக்க, மாமா மட்டும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "ரெண்டு சக்கரமும் ரொம்ப நெருக்கம். இறங்கும்போது பக்கக் காத்து அடிச்சா ஆடும். ஹரிக்கேன் விமானத்துக்கு இதைவிட அகலம்." கொஞ்ச நேரம் கழித்து, "இதை ஓட்டினவங்க எந்த ஊர்க்காரங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் 6400 கொருனா கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே க்ளாரோவுக்கும் போனோம். மலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோவில் ஏறி வெளியே வந்தால் நடக்கிற தூரம்தான். சிறகு முளைத்த வெண்கலச் சிங்கம் ஒன்று பீடத்தின் மேல் நிற்கிறது. செக் நாட்டில் வாழும் பிரிட்டிஷ்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்த பரிசு. 2014 ஜூன் 17 அன்று சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸ் வந்து திறந்துவைத்தார். பிரிட்டிஷ் விமானப்படையில் சேவை செய்த சுமார் 2500 செக்கோஸ்லோவாக்கியர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சிங்கம். அந்த 2500-ல் விமானிகள் ஒரு பங்குதான். சுடுபவர்கள், வழி கணிப்பவர்கள், வயர்லெஸ்காரர்கள், அப்புறம் தரையில் நின்ற மெக்கானிக்குகள் எல்லோரும் அதில் அடக்கம். இதை நான் படித்துச் சொன்னதும் மாமாவுக்கு அந்தச் சிங்கத்தின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நன்றாகச் செய்த சிலை, சுற்றுலாக்காரர்கள் போகும் வழியில் நிற்கிறது, யாருடைய ஊரும் இல்லை. ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தேட ஆரம்பித்தது அங்கேதான்.

பதிவு செய்யும் அனுபவம் மோசம். மின்னஞ்சலுக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. வந்த பதிலில் என் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டிருந்தது. பாதித் தொகையை முன்பணமாக வங்கியில் செலுத்தச் சொன்னார்கள். செலுத்தியதற்கு ரசீது கேட்டு இன்னொரு மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது. கூடவே இணைத்திருந்த ஆங்கிலக் குறிப்புத்தாள் இயந்திரம் மொழிபெயர்த்தது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. படைப்பிரிவு என்பதை ஓர் இடத்தில் நாட்டியக் குழு மாதிரி எழுதியிருந்தார்கள். இந்த லட்சணத்தில் வண்டி எப்படி இருக்குமோ என்று பயந்தேன். வண்டி சுத்தமாகத்தான் இருந்தது. ஹீட்டர் மட்டும் முன்சீட்டுக்கு வேலை செய்தது, பின்சீட்டுக்கு இல்லை. மாமாவை முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் கோட்டைக் கழற்றாமல் நாள் முழுக்கப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

வழிகாட்டி ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எழுபதை ஒட்டிய வயது. ஆங்கிலம் நிதானமாக, வார்த்தை வார்த்தையாக வரும். எனக்குத் தெரிந்த அரைகுறை செக்கையும் கலந்து சமாளித்தோம். இந்தச் சேவையின் மொத்த மதிப்பும் அவர்தான். குறிப்புத்தாளைப் பின்சீட்டில் பார்த்ததும் கையை நீட்டி வாங்கி, மடித்து, டேஷ்போர்டுக்குள் போட்டு மூடிவிட்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நவம்பர் முதல் சனிக்கிழமை. இந்தத் தேதி தற்செயலாக அமைந்தது, ஆனால் யாராவது கேட்டால் இந்த வாரத்தைத்தான் சொல்வேன். அக்டோபர் 28 செக்கோஸ்லோவாக்கியா பிறந்த நாள் என்பதால் ஊர் ஊராகக் கற்களுக்கு மாலை போட்டிருப்பார்கள். வெள்ளை, சிவப்பு, நீல நாடா இன்னும் கசங்காமல் இருக்கும். நவம்பர் 2 இறந்தவர்களை நினைக்கும் நாள். ‘துஷிச்கி’ என்பார்கள். சிவப்புக் கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பது வழக்கம். எந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டினாலும் பகலிலேயே புள்ளி புள்ளியாகச் சிவப்பு தெரிந்தது.

முதல் ஊர் லாஷ்ட்யானி. ஒலொமௌட்ஸிலிருந்து கால் மணி நேரம். யோசெஃப் ப்ரிக்ஸ் 1916-ல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டில் பலகை இருக்கிறது. வீட்டில் ஆள் குடியிருப்பதால் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று வண்டியில் வரும்போதே வழிகாட்டி சொல்லிவிட்டார். இது எனக்குச் சரியாகவே பட்டது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாரோ இரண்டு பேர் தன் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

எதிர்ப்பக்கம் நின்றபடி வழிகாட்டி ப்ரிக்ஸின் கதையைச் சொன்னார். இந்த நாட்டுக் குதிரைப்படையில் தொடங்கி விமானியான இளைஞன். 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை நுழைந்து, ராணுவத்தைக் கலைத்துவிட்டது. பலர் எல்லை தாண்டிப் போலந்துக்குப் போனார்கள், அங்கிருந்து பிரான்ஸ். பிரான்ஸில் முதலில் அயல்நாட்டுப் படையணியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 1940 ஜூனில் பிரான்ஸும் விழுந்ததும் கிடைத்த கப்பலில் ஏறி பிரிட்டன். ஜூலையில் டக்ஸ்ஃபர்டில் 310-வது பிரிவு உருவானது, ஹானிங்டனில் 311 என்ற குண்டுவீச்சுப் பிரிவு, அடுத்து 312, மறுவருஷம் 313. நான்கும் செக்கோஸ்லோவாக்கியர்களுடையவை. ப்ரிக்ஸ் 1941 ஜூன் 17 அன்று பிரான்ஸ் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியர் கையில் சிக்கினார். சிக்கியதும் தன் பெயர் ஜோசஃப் ரிக்ஸ், தான் ஆங்கிலேயன் என்று சொல்லிவிட்டார்.

"ஏன் பேர மாத்தினார்?" என்று மாமா கேட்டார்.

வழிகாட்டி வீட்டைக் கை காட்டினார். "இங்கே அப்பா அம்மா இருந்தார்களே."

வெளிநாடு போய்ச் சண்டை போடுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் வீட்டில் இருப்பவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். 1942-லிருந்து அதற்கென்றே தெற்கு மொராவியாவில் ஸ்வட்டொபொர்ஷிட்ஸேயில் ஒரு தடுப்பு முகாம் நடத்தினார்கள். தப்பிப்போனவர்களின் பெற்றோர், மனைவி, தம்பி தங்கைகள் என்று உள்ளே தள்ளினார்கள். இந்த முகாம் ப்ர்னோவிலிருந்து ரொம்பத் தூரமில்லை. ஆறு வருஷத்தில் நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

ப்ரிக்ஸ் சும்மா இருக்கவில்லை. முகாம் முகாமாகத் தப்பித்துக்கொண்டே இருந்தார். ஷூபின் முகாமிலிருந்து கழிவறை அள்ளும் வண்டியின் தொட்டிக்குள் ஒளிந்து வெளியேறினார். வார்சா வரை போய், மறுபடி பிடிபட்டார். கடைசியில் கோல்டிட்ஸ் கோட்டையில் இருந்தபோது போர் முடிந்தது. ஆங்கிலேய மனைவியோடு ஊர் திரும்பினார். பிரிட்டிஷ் விருதும் பெற்றவர். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். மேற்கே போய்ச் சண்டை போட்டவன் எல்லோரும் சந்தேகத்துக்குரியவன் ஆனான். ‘ஸாபாத்ன்யாட்சி’, அதாவது மேற்கத்தியான்கள் என்று ஒரு பட்டம். ப்ரிக்ஸுக்குப் பத்து வருஷம் சிறை, உள்ளே போன பிறகு அதன் மேல் இன்னும் இருபது. யாஹிமோவ் யுரேனியச் சுரங்கத்தில் வேலை வாங்கினார்கள். 1957 ஆகஸ்டில் இறந்தார், 41 வயது. உடலைக் குடும்பத்திடம் தரவில்லை. அஸ்தி ப்ராக்கின் மோட்டோல் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொன்னார். அதற்கப்புறம் நாள் முழுக்க நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீரர்களின் பெயருக்கு முன்னால் போட்டிருக்கும் பதவியைப் பாருங்கள், கர்னல், ஜெனரல் என்று இருக்கும். பக்கத்தில் ‘இன் மெமோரியம்’ என்ற இரண்டு வார்த்தை இருந்தால், அவன் உயிரோடு இருந்தபோது அந்தப் பதவியில் இருந்ததே இல்லை என்று அர்த்தம். 1948-க்குப் பிறகு பறித்ததை, கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த 1989-க்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள், கொஞ்சம் கூட்டியும் கொடுத்தார்கள்.

மாமா யோசித்தார். "செத்த பிறகு புரமோஷன் குடுத்தா சம்பள பாக்கி வீட்டுக்குப் போகுமான்னு கேளும்மா."

நான் மொழிபெயர்த்தேன். வாத்தியார் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. நானும் மாணவர்களிடம் அதைத்தான் கேட்பேன்" என்றார்.

இங்கிருந்து ஸ்வேபொஹோவ் போகிற வழியில் லோஷ்டிட்ஸே வருகிறது. ஒலொமௌட்ஸ் பெயரில் விற்கும் நாற்றப் பாலாடைக்கட்டி, ‘த்வரூஷ்கி’, பிறக்கும் ஊர். பயணத்திட்டத்தில் இது இல்லை. ஆனால் பத்து நிமிஷம் நிறுத்தினார். மாமா ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு மூடி என்னிடம் கொடுத்தார். அந்தப் பொட்டலம் மிச்ச நாள் முழுக்க எங்களோடு பின்சீட்டில் பயணம் செய்தது. ஹீட்டர் பின்னால் வேலை செய்யாததற்கு அப்போது நன்றி சொன்னேன்.

ஸ்வேபொஹோவ் ஸாப்ர்ஷெஹ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். ஆர்னோஷ்ட் வலென்டாவின் ஊர். 1944 மார்ச்சில் ஜெர்மானியர்களின் ஸாகன் போர்க்கைதி முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 73 பேரைத் திரும்பப் பிடித்தார்கள், அதில் 50 பேரை ஹிட்லர் உத்தரவில் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஐம்பதில் ஒரே செக்காரர் வலென்டா. ஆனால் வழிகாட்டி சுரங்கத்தில் ஆரம்பிக்கவில்லை, விமானத்தில் ஆரம்பித்தார். 311-ன் வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று, 1941 பிப்ரவரி. திரும்பி வரும்போது வயர்லெஸ் சரியில்லை, வழி தப்பியது, எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. கீழே கரை தெரிந்ததும் இங்கிலாந்து வந்துவிட்டோம் என்று நினைத்து இறங்கினார்கள். இறங்கிய இடம் நெதர்லாந்து. ஜெர்மானியர்களுக்கு ஒரு கீறலும் இல்லாத வெலிங்டன் கிடைத்தது, வலென்டா கைதியானார்.

இதைக் கேட்டதும் மாமா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார். "வயர்லெஸ் போச்சுன்னா அது பறக்கறதுக்கு முன்னாடி யார் கையெழுத்துப் போட்டாங்கன்னு ஒரு தாள் இருக்கும்மா. அந்த ஆளு அப்புறம் எப்படித் தூங்கியிருப்பான்?" நாற்பது வருஷம் முன்னால் அவர் போட்ட கையெழுத்துகளை நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

முகாமில் வலென்டாவுக்கு ‘வாலி’ என்று பெயர். பல மொழி தெரிந்தவர் என்பதால் ஜெர்மன் காவலர்களிடம் பேச்சுக்கொடுத்துத் தகவல் கறப்பது அவர் வேலை: எந்தப் பாதையில் போகலாம், எந்த ஊரில் என்ன அடையாளச் சீட்டு கேட்பார்கள் என்றெல்லாம். மொராவிய கிராமத்திலிருந்து போனவர் முகாமின் உளவுப் பிரிவையே நடத்தினார். இந்த ஊரில் நின்று அதைக் கேட்கும்போது ஒரு விசித்திரமான உணர்வு. கோழி கூவுகிற சத்தம், யாரோ மரம் அறுக்கிற சத்தம், அவ்வளவுதான் ஊர்.

மத்தியான சாப்பாடு வழியில் ஒரு ‘ஹோஸ்போடா’வில். சைவம் என்றால் இங்கே கிடைப்பது வறுத்த சீஸ், உருளைக்கிழங்கு, டார்ட்டர் சாஸ். நான் ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறேன், மாமாவுக்கு முதல் தடவை. முழுத் தட்டையும் முடித்துவிட்டு, "நாளைக்கும் இதையே குடுக்காதேம்மா" என்றார்.

சாப்பிட்ட பிறகு நாங்கள் நின்ற ஒரு கிராமத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. அது பயணத்திட்டத்தில் இருந்த ஊர் இல்லை. பெயரும் போடப்போவதில்லை, ஏனென்றால் அந்தக் கல்லில் இருந்தவர் யாரும் அறிந்த வீரர் இல்லை. மொராவியாவில் எந்த ஊருக்குப் போனாலும் தேவாலயத்துக்குப் பக்கத்திலோ தீயணைப்புக் கொட்டகைக்கு எதிரிலோ ஒரு கல் இருக்கும். மேலே 1914–1918 என்று எழுதி, கீழே வரிசையாகப் பெயர்கள். இங்கேயும் அப்படித்தான். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வந்தது. அண்ணன் தம்பிகளா, சித்தப்பன் பிள்ளைகளா தெரியாது. கல்லின் அடிப்பாகத்தில், மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்தில், பிறகு வெட்டிச் சேர்த்த நான்கு பெயர்கள். அதில் கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து: ஆர், ஏ, எஃப். பிரிட்டிஷ் விமானப்படையின் (ராயல் ஏர் ஃபோர்ஸ்) சுருக்கம். வேறு எதுவும் இல்லை.

311-ல் விமானத்தின் பின்கூண்டில் உட்கார்ந்து சுடுபவராக இருந்தவர் என்று வழிகாட்டி சொன்னார். நான்கு பிரிவுகளில் அதிகம் இழந்தது 311-தான். குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்தால் ஆறு பேர் சேர்ந்து போவார்கள். பின்னால் கடற்காவல் வேலைக்கு மாற்றினார்கள், அங்கேயும் கடலில் போனவர்களின் உடல் கிடைக்கவில்லை. மொத்தத்தில் ஐந்தில் ஒருவர் ஊர் திரும்பவில்லை.

மாமா முட்டி போட்டு உட்கார்ந்து அந்த மூன்று எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். மற்ற எழுத்துகளில் பூசியிருந்த கறுப்புச் சாயம் இவற்றில் இல்லை. "இதை வேற ஆள் வெட்டியிருக்கான். உளி வேற. இங்க பாரு, இந்த எஃப்போட நடுக்கோடு சறுக்கியிருக்கு." எழுத்து வெட்டியவர் அதுவரை ஆங்கிலச் சுருக்கம் எதையும் வெட்டியிருக்க மாட்டார் என்பது வழிகாட்டியின் ஊகம். 1945-க்கும் 1948-க்கும் நடுவில் வெட்டியிருக்கலாம் என்றார். அதற்கப்புறம் நாற்பது வருஷம் அந்த எழுத்துகளை யாரும் வெட்ட விரும்பவில்லை.

வாத்தியார் தன் கோட்டுப் பையிலிருந்து சிவப்புக் குடுவை ஒன்றை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். மாமா ஏற்றினார், காற்றில் அணைந்தது, இன்னொரு தடவை ஏற்றினார். அவசரப்படுத்தாமல் நின்றார் வழிகாட்டி. இதற்காகவே அவருக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆனால் இங்கே நாற்பது நிமிஷம் நின்றதால் பின்னால் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

நவம்பரில் இந்த நாட்டில் நாலே முக்காலுக்கு இருட்டிவிடும். ஒரு வாரம் முன்னால்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். ப்ரோஸ்தியெயோவ் தாண்டி ஓட்டஸ்லவிட்ஸே போய்ச் சேரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பயணத்திட்டத்தில் இருந்த நான்கு வீரர்களில் மிகப் பெரிய பெயர் இந்த ஊர்க்காரர்தான், யோசெஃப் ஃப்ரான்டிஷெக். 1940 செப்டம்பர் ஒரே மாதத்தில் 17 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியவர். அதையும் சொந்த நாட்டுப் பிரிவில் இருந்து செய்யவில்லை. நார்தோல்ட்டில் இருந்த போலந்துக்காரர்களின் 303-வது பிரிவில் இருந்து செய்தார். 1939-ல் போலந்துக்குத் தப்பியவர் அவர்களோடே தங்கிவிட்டார். வரிசையில் பறக்கச் சொன்னால் கேட்க மாட்டார், தனியே பிரிந்து போய்க் காத்திருந்து வேட்டையாடுவார். கண்டித்தும் பயனில்லை என்று கடைசியில் ‘விருந்தாளி’ மாதிரி அவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். அக்டோபர் 8 அன்று, 26 வயது முடிந்த மறுநாள், சரே பக்கத்தில் ஈவெல் என்ற இடத்தில் விழுந்து இறந்தார். எதிரி சுட்டதாகத் தெரியவில்லை. என்ன காரணம் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இத்தனையையும் நாங்கள் வண்டியிலேயே கேட்டுவிட்டோம். நினைவிடத்துக்கு முன்னால் நின்றது பத்து நிமிஷம், அதுவும் கைபேசி டார்ச் வெளிச்சத்தில். பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கு ஈரமும் மாலையின் நாடாவும்தான் நினைவிருக்கிறது. வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய இடத்தைக் கடைசியில் வைத்தது திட்டம் போட்டவர் தப்பு. காலையில் லாஷ்ட்யானி முடித்ததும் தெற்கே இங்கே வந்துவிட்டு வடக்கே போயிருந்தால், சின்ன ஊர்களில் எவ்வளவு நேரம் நின்றாலும் பாதகமில்லை.

நான்காவது இடமும் அறிவித்திருந்தார்கள்: ப்ர்ஷெரோவ். பிரிட்டிஷ் விமானப்படையில் ஏர் மார்ஷல் வரை உயர்ந்த ஒரே செக்காரர் கரெல் யனௌஷெக் பிறந்த ஊர். அவர் லண்டனில் இருந்தபோது மனைவி ஆஷ்விட்ஸில் இறந்தார். திரும்பி வந்தவரை 1948-லேயே கைது செய்தார்கள், 1960 வரை சிறை. அவ்வளவு பெரிய அதிகாரி வெளியே வந்து துணிக் கிடங்கில் வேலை பார்த்தார். இதை வழிகாட்டி ஒலொமௌட்ஸ் திரும்பும் வழியில் சொன்னார், ஆனால் ஊருக்குப் போகவில்லை. இருட்டிவிட்டது, போய் என்ன பார்ப்பது என்றார். நியாயம்தான். நான்கு இடத்துக்குக் காசு வாங்கி மூன்று காட்டியதற்குக் கொஞ்சமாவது கழித்துக்கொடுக்க வேண்டும் என்று பிறகு எழுதிக் கேட்டேன். ‘கூடுதலாக ஒரு கிராமம் காட்டினோமே’ என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான் என்பதால் மேற்கொண்டு சண்டை போடவில்லை. முன்பதிவு செய்கிறவர்கள் நான்காவது இடத்தை நம்பி வராதீர்கள், கோடைக்காலமாக இருந்தால் ஒழிய.

காசு கொடுக்க விருப்பமில்லாதவர்கள் தாங்களே போகலாமா? போகலாம். ஒலொமௌட்ஸிலிருந்து பொஹுன்யோவிட்ஸே வரை பாசஞ்சர் ரயில் இருக்கிறது, அங்கிருந்து லாஷ்ட்யானி நடை தூரம். ஸாப்ர்ஷெஹ் ஸ்டேஷனில் இறங்கி ஸ்வேபொஹோவுக்கும் நடந்துவிடலாம், கால் வலுவாக இருந்தால். ஆனால் ஒன்று. ‘இந்த வீட்டில் பிறந்தார்’, ‘அவர் நினைவுக்கு மரியாதை’ என்று பெரும்பாலான பலகைகளில் அதே நான்கு வரிதான். பிறந்த தேதி, இறந்த தேதி, பிரிவின் எண். 1957-ல் 41 வயதில் ஒரு விமானி ஏன் இறந்தான் என்று தேதி சொல்லாது. சொல்ல ஆள் வேண்டும். எனக்கு செக் படிக்க ஓரளவு வரும், இருந்தும் தனியாகப் போயிருந்தால் ஒவ்வொரு ஊரிலும் மூன்று நிமிஷத்தில் திரும்பியிருப்பேன்.

குழந்தைகளைக் கூட்டிப்போவதற்கு ஏற்றதில்லை. பார்க்க எதுவும் அசையாது, வண்டியில் நிறைய உட்கார வேண்டும். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை, எங்கும் படி ஏற வேண்டியதில்லை. நவம்பரில் போவதென்றால் நல்ல டார்ச், லைட்டர், கம்பளிச் சாக்ஸ். பின்சீட்டுக்கு ஒரு போர்வை.

வழியில் வழிகாட்டி நான்கு பிரிவுகளின் வாசகங்களையும் சொல்லிக்கொண்டு வந்தார். 311-க்கு ‘எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்’, 15-ஆம் நூற்றாண்டில் ஹுஸ் என்ற மதச் சீர்திருத்தவாதியைப் பின்பற்றியவர்களின் போர்ப்பாட்டு ஒன்றின் வரியாம். 313-க்கு ‘ஒரு வல்லூறு பல காகங்களை விரட்டும்’. மாமா இரண்டாவதை எழுதி வாங்கிக்கொண்டார். அப்புறம் நாள் முழுக்க மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். "எல்லாம் பறந்தவங்க கல்லாவே இருக்கு. மெக்கானிக் யாருக்காவது ஊர்ல ஒரு பலகை இருக்கா?"

வாத்தியார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரொம்ப நேரம் யோசித்தார். உடனே சொல்ல முடியவில்லை, தேடிப் பார்க்கிறேன் என்றார். ஸ்டேஷன் வாசலில் இறங்கும்போது மாமாவிடம் கைகொடுத்தவர், அவர் எந்த விமானங்களில் வேலை பார்த்தார் என்று விசாரித்து ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார்.

வழக்கம்போல ஒன்பது நாள் கழித்துத்தான் மின்னஞ்சல் வந்தது. இந்த முறை பெயருக்கு முன்னால் ‘திருமதி’. உள்ளே ஒரு கிராமத்தின் பெயர், கல்லறைத் தோட்டத்தில் எத்தனையாவது வரிசை என்ற குறிப்பு, ‘310, என்ஜின் மெக்கானிக்’ என்று ஒரு வரி. மாமாவின் விசா ஜனவரி வரை இருக்கிறது. டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமைக்கு வண்டியைப் பதிவு செய்துவிட்டோம். காலையில் முதலில் அங்கே போக வேண்டும் என்று எழுதி, ரசீதையும் அப்போதே கேட்டு வாங்கிவிட்டேன்.